சின்ன ‘ர’ போட்ட கரி

எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குத் தடுமாறும் எழுத்துகள் இரண்டு. சின்ன ர, பெரிய ற. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குள்ளேயே டீச்சர் இந்த இரண்டு எழுத்துக்காக என் விரல் முட்டியில் எத்தனையோ முறை அடித்திருக்கிறார். வாயால் பேசும்போது எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். கரி என்றாலும் கறி என்றாலும் காதில் ஒரே மாதிரிதான் விழும். அடுப்பில் போடுவதா சட்டியில் போடுவதா என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். அந்த ஒரு எழுத்தால் நான் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன். பிறகு அதே எழுத்தால் இருந்த நிம்மதியும் போயிற்று.

என் வீட்டுக்காரர் அத்திபெலேயில் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி இருப்பார். அந்த வெள்ளைத் தூள் அவர் நெஞ்சுக்குள் இறங்கி, வெளியே வராமல் அங்கேயே தங்கி, அவரைக் கொண்டுபோனது. 1991இல் நானும் மகளும் பெங்களூர் விவேக் நகருக்கு வந்தோம். கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெழுகுவர்த்தி செய்யும் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்தது. வியாழக்கிழமை என்றால் கோயிலில் கூட்டம் தாங்காது. முந்தின நாள்களில் எங்களுக்குக் கை ஓயாது. கடையின் முன்பக்கம் நின்று விற்கும் வேலையையும் எனக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்கு நாக்கு எழும்பாது. பின்னால் உட்கார்ந்து அச்சில் திரி கட்டி மெழுகு ஊற்றுவதுதான் எனக்குச் சரி.

மகள் நன்றாகப் படித்தாள். அரசாங்கப் பள்ளி, பிறகு கன்யாஸ்திரீகள் நடத்தும் கல்லூரி, பிறகு இந்த ஊரிலேயே மரங்கள் அடர்ந்த பெரிய ஆராய்ச்சிக் கூடம். அவளோடு படித்த பெண்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்து கம்பெனி வண்டியில் போய் வந்தார்கள். இவள் மட்டும் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"அங்க இன்னாடி பண்றீங்க நாள் பூரா?"

"கரியில புரோட்டீன் எப்படி ஒட்டுதுன்னு பாக்கறோம்மா."

நான் தலையாட்டினேன். கறியில் புரோட்டீன் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள் போல. நல்ல வேலைதான், நாலு பேர் உடம்புக்கு ஆகிற வேலை. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம்தான். பெற்ற மகளிடமே எனக்கு அந்தக் கூச்சம் இருந்தது.

கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் வாயாடி. என்னைவிடச் சின்னவள். அவளிடம் இதைச் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது.

"ஏக்கா, உன் பொண்ணு சிக்கன்ல ஆராய்ச்சி பண்ணுதா, மட்டன்லயா?"

"எனக்குத் தெரியாதுடி."

"மட்டனாத்தான் இருக்கும். அவ்ளோ பெரிய இடத்துல சிக்கனா வாங்குவாங்க? ஆராய்ச்சி முடிஞ்ச கறிய இன்னா பண்ணுவாங்கன்னு கேளுக்கா. சும்மா தூக்கிப் போடாம நம்ம பக்கம் அனுப்பச் சொல்லு."

நானும் சிரித்தேன். அவள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஆராய்ச்சிக் கறி எப்போது வரும் என்று கேட்பாள்.

மகள் வெள்ளைக் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வேலை செய்வாள். அதைச் சனிக்கிழமை பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் துவைத்துப் போடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டின் வலது கை ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. சோப்புப் போட்டுக் கசக்கினேன். திட்டு போவதற்குப் பதிலாகப் பரவியது. வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாக மாறியது. கழுத்துப் பட்டியிலும் லேசாக ஒரு கோடு. அவள் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, கறுப்பா?"

"அது கரிம்மா. சரியா போவாது. வுடு."

"கறியா? கறி ஏன் இப்டி கறுப்பா கீது? தீய வுட்டுட்டியா?"

அவள் துண்டோடு வெளியே வந்தாள். "எது?"

"அடுப்புல வச்சுட்டு மறந்துட்டியான்னு கேக்கறேன். மட்டன்தானே?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். "அய்யோம்மா. கரிம்மா! சின்ன ர போட்ட கரி! அடுப்புக் கரி! இத்தினி நாளா நான் மட்டன் வெட்டறேன்னா நெனச்சுக்கினு இருந்த?"

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஈரக் கோட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "கரின்னா, பொடியா?" என்று கேட்டேன்.

"ஆமா. ரொம்ப சன்னமான பொடி. கண்ணுக்குத் தெரியாத குழாய் குழாயா இருக்கும்."

சிரிப்பின் நடுவே அவளுக்கு இருமல் வந்தது. பெங்களூர்க் குளிரில் எல்லோரும் இருமுவார்கள். அவள் பத்து நாளாகவே இருமிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த இருமலை நான் அதுவரை காதால் மட்டும் கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கு அவள் அப்பாவின் இருமல் மாதிரி கேட்டது. முதலில் வெள்ளைத் தூள். இப்போது கறுப்புத் தூள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெழுகு ஊற்றும்போது கை வேலை செய்யும், மனசு அவள் நெஞ்சுக்குள் போய் நிற்கும். அச்சில் திரி கட்டாமலே மெழுகை ஊற்றிவிட்டு, பக்கத்தில் இருந்தவள் "யக்கா, திரியில்லாத வத்தி யாருக்கு, குருடருக்கா?" என்று கேட்ட பிறகுதான் பார்ப்பேன். வீட்டில் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏன் பார்க்கிறாய் என்றால் ஒன்றுமில்லை என்பேன். எழுந்து போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். திரும்ப வந்து நிற்பேன்.

ஒரு மாலை, முட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அந்தக் கரியப் பத்தி சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவளுக்கு ஆச்சரியம். நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முக்குல கறிக்கடை கீதில்ல, பெரிய ற போட்ட கறி. அங்க கோழிக் கூண்டுல கம்பி வலை பாத்திருக்கியா? ஆறு மூலை ஆறு மூலையா ஓட்டை ஓட்டையா இருக்கும்."

"ஆமா."

"அந்த வலைய அப்பிடியே சுருட்டிக் குழாய் பண்ணா எப்டி இருக்கும்? அதான். கம்பிக்குப் பதிலா கரி. ஒரு தலைமுடிய நீட்டு வாக்குல ஆயிரம் ஆயிரமா பொளந்தா வர்ற தடிமன்கூட இருக்காது."

"சரி."

"அதுக்குத் தண்ணின்னா ஆவாது. தண்ணியில போட்டா ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கினு கட்டியாப் போயி அடியில உக்காந்துடும். உன் கொட்டாயில திரிக் கட்டு மேல மெழுகு கொட்டிட்டா ஒண்ணா ஒட்டிக்குமே, அது மாதிரி. பிரிக்கவே முடியாது."

நான் உடைத்த முட்டையைக் கிண்ணத்தில் வழியவிட்டேன். அவள் அதைக் காட்டினாள்.

"இதுல வெள்ளைக்கரு கீதே, இதுல பல தினுசு புரோட்டீன் கீது. புரோட்டீன்னா மணி கோத்த சரம் மாதிரி. சில மணிக்குத் தண்ணி பிடிக்கும். சில மணிக்குத் தண்ணி பிடிக்காது. தண்ணிக்குள்ள இருக்கும்போது அந்தச் சரம் தன்னால சுருண்டுக்கும். தண்ணி பிடிக்காத மணியெல்லாம் உள்ள ஒளிச்சுக்கும். பிடிச்ச மணியெல்லாம் வெளிய காட்டிக்கும்."

உள்ளே ஒளித்துவைத்துக்கொள்ளும் என்றதும் எனக்கு ஏதோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

"இது பக்கத்துல அந்தக் குழாய் வந்தா இன்னா ஆவும் தெரியுமா? குழாய்க்கும் தண்ணி பிடிக்காது. உள்ள ஒளிஞ்ச மணிக்கும் பிடிக்காது. ரெண்டுக்கும் ஒரே கஷ்டம். சுருண்டது கொஞ்சம் கொஞ்சமாப் பிரியும். உள்ள இருந்தது வெளிய வந்து குழாய் மேல படுத்துக்கும். சில மணியில தட்டையா வளையம் கீது. வலையிலயும் வளையம். தட்டு மேல தட்டு வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கும். தண்ணி பிடிச்ச மணியெல்லாம் வெளிப்பக்கம் நிக்கும். அப்ப தண்ணி அந்தக் குழாய ஏத்துக்கும். கட்டி கரைஞ்சு மை மாதிரி நிக்கும்."

"முட்டை போத்தினதும் கரி கரையுதா?"

"கரையலம்மா. போத்திக்கினு நிக்குது."

"அந்தச் சரத்துக்கு ஒண்ணும் ஆவாதா? பிரிஞ்சு போச்சுன்ற."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. "அதான் என் கேள்வியே. சிலது கொஞ்சம் நெளிஞ்சாலும் தன் வேலையச் செய்யும். சிலது ஒரேடியா உருக்குலைஞ்சு எதுக்கும் ஆவாமப் போவும். எது எப்டின்னு பாக்கறதுதான் என் வேலை."

எனக்கு வேண்டியது அது இல்லை. முட்டையைக் கல்லில் ஊற்றி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "அந்தக் கரி உடம்புக்குள்ள போனா?" என்று கேட்டேன்.

"ரத்தத்துலயும் புரோட்டீன்தான். போன உடனே ஓடி வந்து போத்திக்கும். பஸ்ஸுல மொதல்ல ஏறினவன் சீட்டு பிடிப்பான். அப்புறம் பலசாலி ஒருத்தன் ஏறி அவன எழுப்பிட்டு உக்காருவான். அந்த மாதிரி ஒண்ணு போயி ஒண்ணு வரும். கடைசியில எது போத்திக்கினு நிக்குதோ அதுதான் கரியோட முகம். உடம்புல குப்பை வார்ற அணு அந்த முகத்தப் பாத்துத்தான் இது நம்மாளா, வேத்தாளான்னு முடிவு பண்ணும். வாரி முழுங்கும், இல்ல வுட்டுடும்."

"அப்புறம் வெளிய வந்துடுமா?"

"குட்டையா இருந்தா வாரிடலாம். நீட்டா, விறைப்பா இருந்தா அந்த அணுவால முழுசா முழுங்க முடியாது."

"அப்போ?"

"தெரியலம்மா. யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல."

டாக்டரும் அவள் அப்பாவைப் பற்றி அதைத்தான் சொன்னார். தூள் உள்ளே தங்கிவிட்டது, எடுக்க வழி தெரியவில்லை என்று. முட்டை தீய்ந்த வாசனை வந்தது. நான் திருப்பிப் போட மறந்திருந்தேன்.

கல் பட்டறைக்காரர்கள் வெல்லம் சாப்பிடுவார்கள். தொண்டையில் படிந்த தூளை வெல்லம் இறக்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் வீட்டுக்காரருக்கும் சாப்பாட்டு டப்பாவில் தினமும் ஒரு துண்டு வெல்லம் வைத்து அனுப்புவேன். அடுத்த நாள் காலை மகளுடைய டப்பாவிலும் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்தேன். மறுநாளும் வைத்தேன். மூன்றாவது நாள் அவள் டப்பாவைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் படாரென்று வைத்தாள். அன்றைக்கு வைத்த வெல்லம் அப்படியே இருந்தது.

"இன்னாத்துக்கு இது?"

"இனிப்புதானே. வாய்க்கு நல்லா இருக்கும்னு."

"பொய் சொல்லாத. இது அப்பாவுக்கு வச்ச வெல்லம்."

நான் டப்பாவிலிருந்த வெல்லத் துண்டை எடுக்கப் போனேன்.

"வெல்லம் அப்பாவக் காப்பாத்துச்சா? அத்தினி வருஷம் சாப்ட்டாரு. காப்பாத்துச்சா? அவரு நெஞ்சுல இருந்த தூள் மேல இன்னா ஒட்டிச்சு, உடம்பு ஏன் அத வார முடியல, அதப் பத்தி யாராவது அவருக்குச் சொன்னாங்களா? வெல்லம் சாப்பிடுன்னுதானே சொன்னாங்க? எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகாம நான் எதுக்கு இங்க உக்காந்துக்கினு இருக்கேன்னு நெனச்ச?"

இருமல் வந்து அவள் பேச்சை நிறுத்தியது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். அவள் அப்பா செத்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாத வயசு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் விடமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. என்னாலும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அவளுக்கு மேலே ஒரு சார் இருந்தார். வயசானவர், கன்னடக்காரர், எதையும் மறைக்கமாட்டார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவரைப் பார்த்துக் கேட்பது என்று முடிவு செய்தேன். இவளை அந்த வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள் என்று சொல்லவும் யோசித்து வைத்திருந்தேன். இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைப் போலப் பேசக் கூசுகிறவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் விவேக் நகருக்கு வந்த வருஷம் ஊரில் தமிழர்களை அடித்த கலவரம். அதிலிருந்து பஸ்ஸில் நான் தமிழில் டிக்கெட் கேட்பதில்லை. விரலைக் காட்டித்தான் வாங்குவேன்.

முதல் தடவை கேட் வரைக்கும் போனேன். காவலாளி "யாரு பேகம்மா?" என்று, யார் வேண்டும் என்பதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். யாரும் வேண்டாம் என்பது போலத் தலையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் கொஞ்சம் உட்கார்ந்து, வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு என்மேலேயே எனக்குக் கோபம். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

இரண்டாம் தடவை கையில் சாப்பாட்டு டப்பாவோடு போனேன். டப்பா இருந்தால் பேச வேண்டாம், அதைக் காட்டினால் போதும். "மகளிகெ ஊட்டா" என்று, மகளுக்குச் சாப்பாடு என்பதை மட்டும் கன்னடத்தில் சொன்னேன். வழி காட்டினான். பெரிய பெரிய மழை மரங்களுக்கு நடுவே நடந்தேன். கட்டடத்துக்குள் வராந்தாவில் மருந்து வாசனை. கதவு திறந்திருந்த அறையில் நரைத்த தலையோடு ஒருவர் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மகள் சொன்ன அடையாளம், கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி, இருந்தது. மகள் பெயரைச் சொல்லி, அவளைப் பெற்றவள் நான் என்று சொன்னேன். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"சார், இந்தக் கரி என் பொண்ணு நெஞ்சுக்குள்ள போனா இன்னா ஆவும் சார்?"

அவருக்குத் தமிழ் அரைகுறை. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"கரி? சிக்கன் கரியா? நெஞ்சு எரிச்சலா?"

"இல்ல சார், கரி..."

"ஜாஸ்தி காரா ஹாக்கபேடி, காரம் கம்மி பண்ணுங்க அம்மா. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லார்க்கும் ஆசிடிட்டி. நிமக்குத் தெரியுதா, லேபொளகெ ஊட்டா தரபாரது, உள்ள சாப்பாடு கொண்டுவரக் கூடாது. வெளிய மரத்தடியில சாப்பிடச் சொல்லுங்க."

கறிக்கும் கரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது இரண்டாவது முறை. இந்த முறை எழுத்தைச் சொல்லி விளக்கவும் வழியில்லை. கன்னடத்தில் கரி என்றால் கறுப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நாக்கில் வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று கால் நகர்ந்தது. அப்போது ஜன்னல் ஓரத்தில் இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள் கண்ணில் பட்டன. ஒன்றில் தெளிவான தண்ணீர், அடியில் கறுப்பாகக் கட்டி. இன்னொன்று முழுக்க மை மாதிரி. மகள் சொன்னதுதான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. விரலை நீட்டி, "இது சார். இந்தக் கரி" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக, தமிழும் கன்னடமுமாகச் சொன்னார். "ஹெதரபேடி, பயப்படாதீங்க அம்மா. ஈரமா இருக்கும்போது அது பறக்காது. மூச்சுல போகாது. காஞ்ச பொடிதான் கஷ்டம். அதுக்குக் கண்ணாடி அலமாரி இருக்கு, காத்தை உறிஞ்சற மிஷின் இருக்கு. கையை மட்டும் உள்ள விட்டு வேலை செய்யணும். மூக்குக்கு மாஸ்க். பயமே இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன். பயம் இருக்கறதால இத்தனை ஏற்பாடு."

கையை மட்டும் உள்ளே விட வேண்டும் என்றதும் எனக்குக் கோட்டு ஞாபகம் வந்தது. "கையில மட்டும் இல்ல சார். கழுத்துப் பட்டியிலயும் கறுப்பா இருந்துச்சு. நான்தானே துவைக்கறேன்."

"காலரிலயா?"

"ஆமா சார்."

அவர் வெளியே போய் மகளைக் கூட்டிவந்தார். என்னை அங்கே பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. அவர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் மெதுவாகப் பதில் சொன்னாள். எனக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் முகம் புரிந்தது. அலமாரி காலியாக இல்லாத நாள்களில் காத்திருக்கப் பொறுமையில்லாமல், வெளி மேஜையிலேயே குனிந்து காய்ந்த பொடியை எடை போட்டிருக்கிறாள் என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. கையை நீட்டினார். அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காஞ்ச பொடி இனி நீ எடுக்கவேண்டாம். மத்தவங்க தண்ணியில கலக்கிக் குடுப்பாங்க. கோட்டு யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இங்கயே துவைக்கட்டும்." இதை எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னார். பிறகு என்னிடம், "அந்த வாளியில வேற துணி ஊற வைக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இவளை அனுப்பிவிடுங்கள் என்று கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. சாவியை வைத்த பிறகும் அவள் விரல் அதை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டேன்.

அவள் என்னோடு பஸ்ஸில் வந்தாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே என் மடியில் இருந்தது. அவள் மானத்தை வாங்கிவிட்டேன் என்பது அவள் கழுத்து திரும்பியிருந்த விதத்திலேயே தெரிந்தது. நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கேட் தாண்டி எப்டி வந்த?"

"டப்பாவக் காமிச்சேன்."

"சார்கிட்ட நீயாவே பேசினியா?"

"ஆமா. அவரு நெஞ்சு எரிச்சலுக்கு மருந்து சொன்னாரு."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா, எனக்குத் தெரியவில்லை.

என் தொல்லை தாங்காமல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சுத்தமாக இருக்கிறது, இது சாதாரணச் சளிதான் என்றார். மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் இருமல் நின்றது. நான் கோயிலுக்குப் போய், எங்கள் கொட்டகையில் செய்த பெரிய வத்தியில் ஒன்றை ஏற்றினேன். வீட்டில் அந்தப் படத்தை ஜன்னலில் வைத்து நானும் பார்த்தேன். அவள் அப்பா படத்தில் பனி பெய்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது எனக்கு மறக்கவில்லை. இதில் அது இல்லை.

"இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள்.

"நிம்மதிதான்."

"பொய் சொல்லமாட்டேன்மா. இந்தப் படத்துல அந்தக் கரி தெரியாது. அவ்ளோ சின்னது அது. இது நல்லா இருக்கறது நல்லதுதான். ஆனா இது பதில் இல்ல."

அவள் சாரைப் போலவே ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன் என்பதும் உண்மை.

கோட்டு வீட்டுக்கு வருவது நின்றது. எல்லோருக்கும் நல்ல ஏற்பாடு அது. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கை என்ன செய்வது என்று தெரியாது. அந்தக் கறுப்புத் திட்டு இருந்தவரைக்கும் அது எனக்கு ஒரு சேதி. இந்த வாரம் இருக்கிறது, இந்த வாரம் இல்லை என்று பார்க்கலாம். இப்போது பார்க்க எதுவும் இல்லை. அவள் கைக்குட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தேன். தூங்கி எழுந்ததும் அவள் துப்புவதைக் கதவருகே நின்று பார்த்தேன். அவள் கண்டும் காணாதது போல இருந்தாள்.

ஒரு மாலை நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்தாள். சாப்பிடக் கையை வைக்கவில்லை. முழுக்கைச் சுடிதாரின் இரண்டு கை ஓரங்களையும் என் பக்கம் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டீச்சரிடம் நகம் காட்டுவது போல, முதலில் உள்ளங்கை மேலே, பிறகு புறங்கை. அதற்கப்புறம் கழுத்துத் துணியை விலக்கித் தலையைச் சாய்த்தாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மடிப்பை விரலால் பிரித்துப் பார்த்தேன். கழுத்தோரத்தில் விரலை ஓட்டி விரலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"சாப்பிடு, ஆறிடும்," என்றேன்.

மறுநாள் மாலையும் அவள் கையை நீட்டினாள்.